பாதிச் சாட்சி

ஜனவரி 8, திங்கள்

சளிப் பரிசோதனையின் முடிவு வந்தது. ரூபிக்குக் காசநோய்தான். எங்கள் சுகாதார நிலைய ஆய்வகத்தில் வேலை பார்க்கும் இளவழகன் தாளை என்னிடம் கொடுத்து, "உங்க சபைப் புள்ளதான சிஸ்டர். நீங்க சொன்னா பயப்படாது" என்றார். அவருக்குக் கடவுள் கிடையாது. யார் கேட்டாலும் மறைக்காமல் சொல்லுவார். வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது.

ரூபிக்கு இருபத்தாறு வயது. சீயோன் ஜெப வீட்டில் ஞாயிறுதோறும் எனக்கு முன்னால் பாயில் உட்காருகிறவள். கணவன் சேர்மதுரை லாரி ஓட்டுகிறான். மாதத்தில் இருபது நாள் வடக்கேதான். மகள் பெனிட்டாவுக்கு நாலு வயது.

"செத்துப்போவேனாக்கா?" என்று கேட்டாள்.

"ஆறு மாசம் மாத்திர தின்னா சரியாப் போயிரும்ட்டி. ஒருநாள்கூட விடப்படாது, அவ்வளவுதான்."

மாமியாருக்குத் தெரியக்கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். தினமும் அவள் மாத்திரை விழுங்குவதை நேரில் பார்த்து, சிகிச்சை அட்டையில் அந்தந்தத் தேதிக்கு நேரே குறிப்பது கிராமச் செவிலியரான என் பொறுப்பு. என் வீட்டிலிருந்து அவள் வீடு ஒன்றரை கிலோமீட்டர், முள்மரங்கள் அடர்ந்த உடங்காட்டு வழியாக.

மாலையில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. பக்கத்து வீட்டில் இரண்டு குடம் வாங்கினேன். இந்த நாளுக்காகவும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஜனவரி 21, ஞாயிறு

ஆராதனையில் ரூபிக்காகச் சபையார் எல்லாரும் ஜெபித்தார்கள். என்ன நோய் என்று போதகர் ஜெபசிங் சொல்லவில்லை. "நம்ம ஹெப்சிபா சிஸ்டர் மாதிரி விசுவாசம் வேணும். வீட்டுக்காரர் சவப்பெட்டிக்குப் பக்கத்துல நின்னு பாட்டுப் பாடுனாங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் விடல" என்று இன்றும் என்னைக் காட்டிச் சொன்னார். அவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. இன்னும் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து சாளை மீன் கழுவினேன். மத்தியானம் முழுக்கத் தலைவலி. ஸ்தோத்திரம்.

பிப்ரவரி 14

மாத்திரை முதல் வாரங்களில் ரூபியைப் படுத்தியது. சிறுநீர் சிவப்பாகப் போகிறதே என்று பயந்தாள், அது மருந்தின் நிறம் என்று விளக்கினேன். இப்போது பசிக்கிறதாம். இரண்டு கிலோ ஏறியிருக்கிறாள். காலை ஆறரைக்கு நான் போகும்போது பெனிட்டாதான் கதவைத் திறக்கிறாள். ஸ்தோத்திரம்.

மார்ச் 8, வெள்ளி

இரண்டு மாதப் பரிசோதனை. ரூபியின் சளியில் கிருமி இல்லை.

"மருந்து நல்லாக் கேட்டிருக்கு" என்றார் இளவழகன். "இன்னும் நாலு மாசம் பாக்கி இருக்கு சிஸ்டர். இந்தக் கட்டத்துலதான் எல்லாரும் விட்டுருவாவ. கவனமாப் பாத்துக்கிடுங்க."

எனக்குத் தெரியாதா. இருபத்திரண்டு வருட சர்வீஸ். சிரித்துக்கொண்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

இந்த நாளை மறக்க மாட்டேன்.

ஆராதனை முடிகிற நேரத்தில் ரூபி எழுந்து சாட்சி சொன்னாள். நீலச் சேலை கட்டியிருந்தாள். தனக்கு டி.பி. என்று முதல் தடவையாகப் பலர் முன்னால் சொன்னாள். இருமி இருமி ரத்தம் வந்ததையும், பிள்ளையை யாரிடம் விட்டுப்போவது என்று அழுததையும் சொன்னாள். "இப்ப கிருமி ஒண்ணுகூட இல்லன்னு ரிப்போர்ட் வந்துட்டு. இயேசப்பா எனக்குப் பூரண சுகம் தந்துட்டாரு" என்றாள். அவள் மாமியாரே அழுதாள். யாருக்குப் பயந்து ரூபி நோயை ஒளித்துவைத்திருந்தாளோ, அவளே எழுந்துவந்து ரூபியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

போதகர் கண்களைத் துடைத்துக்கொண்டு, "நம்ம மத்தியில ஒரு நர்ஸ் இருக்காங்க. சிஸ்டர், நீங்க சொல்லுங்க. இந்த மகளுக்குக் கிருமி இருக்கா இல்லையா?" என்று கேட்டார். மைக்கை என்னிடம் கொண்டுவந்தார்கள். எழுந்து நின்றேன். நூற்றைம்பது பேராவது இருப்பார்கள். எல்லாருடைய முகமும் என் பக்கம்.

"ரிப்போர்ட்ட நானே பாத்தேன். கிருமி இல்ல" என்றேன்.

சபை முழுவதும் ஸ்தோத்திரம் என்று முழங்கியது. இன்னும் ஏதோ சொல்ல வேண்டும் என்று நின்றேன். அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள். நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. வெளியே வரும்போது பெண்கள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

கர்த்தருக்குக் கோடானுகோடி ஸ்தோத்திரம்.

ஏப்ரல் 4, வியாழன்

பிறகு தின்கிறேன் என்று சொல்லிச் சொல்லி ரூபி மூன்று நாளாக மாத்திரை விழுங்கவில்லை. இன்று காலை நான் நின்றுகொண்டிருக்கும்போதே டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"சுகம் தந்த பெறவும் மாத்திர தின்னா அது அவிசுவாசம்லாக்கா? பாஸ்டரும் அப்படித்தான் சொன்னாவ. உன் விசுவாசத்தின்படி செய்மான்னாவ."

"மாத்திரையும் கர்த்தர் குடுத்ததுதானட்டி."

"அன்னைக்கு நீங்கதான சொன்னிய, கிருமி இல்லன்னு. இல்லாத கிருமிக்கு எதுக்கு மாத்திர?"

வாசலில் அவள் மாமியார் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மாத்திரை அட்டைகளை மேசைமேல் வைத்துவிட்டு, "தின்னுரு, என்ன?" என்று சொல்லிவிட்டு வந்தேன். தின்பாள். நல்ல பிள்ளை.

ஏப்ரல் 20

கர்ப்பிணிகள் பட்டியலைக் கணினியில் ஏற்றச் சொல்லி மேலிடத்திலிருந்து நெருக்குகிறார்கள். காலையில் உடங்காட்டுப் பக்கம் போக நேரமில்லை. ரூபியின் அட்டையில் இந்த வாரத்தையும் குறித்துவிட்டேன். அவளுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். ஸ்தோத்திரம்.

மே 12, ஞாயிறு

பெண்கள் ஐக்கியத்துக்கு என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஸ்தோத்திரம்.

ரூபி ஆராதனைக்கு வரவில்லை. வெயிலாக இருக்கும்.

ஜூன் 6, வியாழன்

தடுப்பூசி முகாமுக்குப் பெட்டியை எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். இளவழகன் வந்து நின்றார்.

"சிஸ்டர், ரூபிய நேத்து பஸ் ஸ்டாப்புல பாத்தேன். இருமிட்டு நின்னுச்சு. ஆளு பாதியா இருக்கு. ஒழுங்கா மாத்திர தின்னுதா?"

"கார்டுல இருக்குல்ல?"

"கார்டப் பாத்துட்டேன். ஒருநாள்கூட விடல. அதான் கேக்கேன்."

"நம்பிக்கையில்லாதவங்களுக்கு எதப் பாத்தாலும் சந்தேகந்தான்" என்றேன். அவர் பெட்டியை ஜீப்புவரை தூக்கிவந்து வைத்துவிட்டுப் போனார். நான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஜூன் 19

ரூபிக்காக ஒரு மணி நேரம் முழங்காலில் நின்று ஜெபித்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

ஆறு மாதம் நேற்றோடு முடிந்தது. கடைசிப் பரிசோதனைக்கு ரூபியிடம் சளி வாங்க வேண்டும். அதற்குப் போய்த்தான் தீர வேண்டும். போனேன்.

பெனிட்டா கதவைத் திறந்தாள். ரூபி கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தாள். நீலச் சேலைதான் கட்டியிருந்தாள், அதற்குள் ஆள் இல்லை. எடை பார்த்தேன்: முப்பத்தேழு கிலோ. தலைமாட்டில் ஒரு எவர்சில்வர் கிண்ணம், அதன்மேல் மூடிய தட்டு. எடுத்துப் பார்க்காமலே ரத்தம் என்று தெரிந்தது.

"சாத்தான் சோதிக்கான்க்கா" என்றாள். "விசுவாசத்த விடக்கூடாதுன்னு நானும் பல்லக் கடிச்சிட்டு இருக்கேன். யாருட்டயும் சொல்லல. எனக்குச் சுகமில்லன்னு தெரிஞ்சா சபையில எல்லாருக்கும் விசுவாசம் போயிரும்லா."

பீரோவின் மேல்தட்டைக் காட்டினாள். நான் கொண்டுபோய் வைத்த மாத்திரை அட்டைகள் அங்கே அடுக்கியபடி இருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

பெனிட்டாவும் இருமுகிறாள்.

திரும்பி வரும்போது பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை கிலோமீட்டர்தான். இத்தனை நாளும் ஒன்றரை கிலோமீட்டர்தான்.

ஜூலை 12, வெள்ளி

ரூபியின் சளியில் நிறையக் கிருமி. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய மாதிரியின் முடிவும் வந்துவிட்டது. முக்கியமான மருந்துக்குக் கிருமி கட்டுப்படவில்லை. இனிமேல் வேறு மருந்துகள், ஒரு வருடத்துக்கு மேல்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபிறகு இளவழகன் அவளுடைய அட்டையை என் மேசையில் வைத்தார்.

"எல்லா நாளும் தின்னும் இப்படி ஆச்சுன்னா ஒரு வைத்தியம். விட்டதுனால ஆச்சுன்னா டாக்டருக்கு அது தெரியணும். நீங்க விசுவாசம் நல்ல கொணம்னு சொல்லுவிய. நான் அதுல சண்டைக்கு வரல சிஸ்டர். அந்தப் புள்ள வீட்டுக்கு நீங்க போனியளா, போகலையா? அத மட்டும் சொல்லுங்க."

"ஜெபம் பண்ணினேன்" என்றேன்.

அவர் அட்டையை என் பக்கம் நகர்த்தினார். "டாக்டரம்மா திங்கக்கெழம வாராவ. அதுக்குள்ள சொல்லிருங்க. நான் போய்ச் சொல்ல மாட்டேன்" என்றார்.

ஜூலை 13

சாப்பிடவில்லை. ரூபியின் அட்டையில் கடைசி மூன்று மாதத்துக்கு நேரே உள்ள என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மிக நேர்த்தியாக இருக்கிறது.

கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றுதான் ஒவ்வொரு நாளும் குறித்தேன். இன்று அதை எழுதிப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. மாமியார் முன்னால் ரூபியோடு வாதாட எனக்குப் பயம். சபைக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று பயம். அந்தப் பயத்துக்கு விசுவாசம் என்று பேர் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 15, திங்கள்

டாக்டர் நிலோஃபரிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "எழுத்துல குடுங்க. நான் மேல அனுப்பித்தான் ஆகணும்" என்றார். பிறகு, "முதல்ல அந்தக் கொழந்தையப் பார்ப்போம்" என்று எழுந்தார்.

பெனிட்டாவுக்கு நோய் இன்னும் பிடிக்கவில்லை. எக்ஸ்ரே படம், பரிசோதனை எல்லாம் பார்த்தாயிற்று. ஆறு மாதம் தடுப்பு மாத்திரை தர வேண்டும். இளவழகன் தானே தினமும் போய்க் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். ரூபியைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சேர்மதுரைக்குப் போன் போயிருக்கிறது. நாக்பூரில் இருந்து கிளம்பிவிட்டானாம்.

ஜூலை 20, சனி

போதகர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக்குச் சபையில் பேச வேண்டும் என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சிஸ்டர், பாமர ஜனங்க. அவங்களுக்கு இருக்கிற ஒரே சொத்து விசுவாசந்தான். அதுல இடறிட்டாங்கன்னா எங்க போவாங்க? நாம தனியா அழுது ஜெபிப்போம்" என்றார்.

"மாத்திரய நிறுத்தச் சொன்னியளா பாஸ்டர்?"

"நிறுத்துன்னு சொல்லல. உன் விசுவாசத்தின்படின்னுதான் சொன்னேன்."

நானும் கிருமி இல்லை என்றுதான் சொன்னேன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

சாட்சி நேரத்தில் யாரும் கூப்பிடாமலே எழுந்தேன். மைக் கொண்டுவரவில்லை. சத்தமாகவே பேசினேன்.

"மார்ச் மாசம் இந்த எடத்துல நின்னு ரூபிக்குக் கிருமி இல்லன்னு சொன்னேன். அது ரெண்டு மாசம் மாத்திர தின்னதுனால. இன்னும் நாலு மாசம் தின்னாத்தான் நோய் போகும்னு எனக்குத் தெரியும். உங்க முகத்தையெல்லாம் பாத்துட்டு அதச் சொல்லல. அவ மாத்திரய விட்டுட்டா. நான் தின்னதா எழுதினேன். இப்ப அவ உயிருக்குப் போராடிட்டு இருக்கா. யாராவது மாத்திரய நிறுத்தியிருந்தா திரும்ப ஆரம்பிங்க."

முன்வரிசையில் ஒரு பெண், "இந்த அம்மாவா விசுவாசத்தோட பெட்டிக்குப் பக்கத்துல நின்னு பாட்டுப் பாடுச்சு?" என்றாள். போதகர் கண்ணை மூடிக்கொண்டு பாட்டை ஆரம்பித்தார். நான் சொல்லி முடித்திருந்தேன்.

வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது தங்கப்பழம் அண்ணன் மட்டும் பக்கத்தில் வந்தார். கருப்பட்டி காய்ச்சும் பனங்கொட்டகை வைத்திருக்கிறவர், அறுபது வயது இருக்கும். "நானும் சுகர் மாத்திரய நிறுத்திட்டேம்மா. ரூபி சாட்சி கேட்ட பெறவுதான்" என்று வேட்டியை உயர்த்திக் காலைக் காட்டினார். பெருவிரல் கறுத்திருந்தது. அப்படியே ஆட்டோவில் ஏற்றிச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன்.

ஆகஸ்ட் 2

தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. தங்கப்பழம் அண்ணனுக்கு ஒரு விரலை எடுத்ததோடு நின்றது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

தினமும் பஸ்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். சேர்மதுரை என்னிடம் பேசுவதில்லை. நான் வந்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவான். போதகர் இரண்டு முறை வந்தார். உள்ளே வராமல் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

புது மருந்துகள் ரூபிக்குச் சேரவில்லை. கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாந்தி நின்றபின் என்னைப் பார்த்தாள்.

"நான் விசுவாசிச்சது தப்பாக்கா?"

"ஒம்மேல தப்பில்ல. ஒனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"அப்ப ஒங்களுக்கு விசுவாசம் இருந்துச்சா?"

அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் வாயைத் துடைத்துவிட்டேன்.

செப்டம்பர் 11, புதன்

ரூபி காலை ஒன்பதே காலுக்கு இறந்தாள். ரத்தம் நிற்கவில்லை. அவள் தலையை நான் பிடித்திருந்தேன்.

செப்டம்பர் 13

நேற்று அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் போதகர், இந்த மகள் முடிவுபரியந்தம் விசுவாசத்தில் உறுதியாக நின்றாள் என்று சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். ஒரு பிடி மண்ணை எடுத்துப் போட்டார்.

அங்கேயே நான் அழுதேன். பக்கத்தில் நின்றவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். முதலில் ரூபிக்காக அழுதேன். பிறகு என் வீட்டுக்காரருக்காக. பதினோரு வருடம் சேர்த்துவைத்த அழுகை.

அக்டோபர் 28, திங்கள்

மறுபடி வேலையில் சேரச் சொல்லிவிட்டார்கள், வேறு ஊரில், இங்கிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். சம்பள உயர்வு மூன்று வருடத்துக்குக் கிடையாது. குறைவான தண்டனைதான்.

இளவழகனுக்கும் மாற்றல் வந்திருக்கிறது. சொல்லிப்போக வீட்டுக்கு வந்தார். "பெனிட்டாவுக்கு இன்னும் ரெண்டரை மாசம் மாத்திர இருக்கு. வெளியாள் ஒருத்தர் நின்னு குடுத்தாத்தான் நடக்கும். நீங்க போறியளா?" என்றார்.

"சேர்மதுரை என்னைய வாசப்படி ஏற விடமாட்டான்."

"கேட்டுப் பாருங்க. அதுக்குமேல அவன் இஷ்டம்."

"நீங்க எப்படித் தினமும் போனிய? கடவுளுக்காகவும் இல்ல, சம்பளத்துக்கும் இல்ல."

"எனக்கு யாருகிட்டயும் ஒப்படைச்சிட்டுத் தூங்கத் தெரியல சிஸ்டர். நான் போகலன்னா அன்னைக்கு மாத்திர இல்ல. அவ்வளவுதான்" என்றார்.

நவம்பர் 2, சனி

போனேன். சேர்மதுரை லாரியை விட்டுவிட்டு உப்பளத்தில் வேலைக்குப் போகிறான். வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எதுக்கு வந்திய?"

"பிள்ளைக்கு மாத்திர குடுக்க."

தலையை நிமிர்த்தாமல் நின்றேன்.

"குடுங்க" என்றான் கடைசியில். "மாத்திர மட்டும். என் வீட்டுக்குள்ள ஜெபம், ஸ்தோத்திரம், ஆமென் ஒண்ணும் கேக்கப்படாது. கேட்டுச்சுன்னா அன்னையோட சரி."

சரி என்றேன்.

நவம்பர் 19

மழை. உடங்காட்டுப் பாதையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். மாத்திரையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு போனேன். பிள்ளை துப்பிவிட்டாள். அரை மணி நேரம் காத்திருந்து மறுபடி கொடுத்தேன். கூடவே டாக்டர் சொன்னபடி கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர். நான் இப்போது எந்தச் சபைக்கும் போவதில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. வந்தால் பார்க்கலாம்.

டிசம்பர் 5, வியாழன்

இன்று பெனிட்டாவுக்குப் பிறந்தநாள். ஐந்து வயது. எண்ணெய் தேய்த்துத் தலைசீவி, பழைய கவுன்தான் போட்டிருந்தாள். சேர்மதுரை உப்பளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து நீட்டினேன். பெனிட்டா வாங்கவில்லை. இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இயேசப்பா, எங்க அம்மா ஒங்ககிட்ட இருக்காங்க. அவங்களுக்கு இருமல் வராமப் பாத்துக்கிடுங்க. அப்பாவுக்குக் கை வலிக்கக்கூடாது. மாத்திர கசக்கக்கூடாது" என்றாள்.

அதோடு நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். முடித்துவைக்க ஆள் வேண்டும், அவள் அம்மா அப்படித்தான் பழக்கியிருப்பாள். கண்ணைத் திறக்கவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். நான் வாய் திறக்கவில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேன். இன்னும் நாற்பது நாள் மாத்திரை இருக்கிறது.

சேர்மதுரையைப் பார்த்தேன். சாப்பாட்டுத் தூக்கு கையில் இருந்தது. முகம் இறுகிப்போயிருந்தது. பிள்ளை ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

தூக்கைக் கீழே வைத்தான். மகளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"ஆமென்" என்றான். "இப்ப குடிம்மா."

குடித்தாள். அட்டையில் இன்றைய தேதிக்கு நேரே குறித்தேன்.